யோகேஸ்வரியின் ஜாமீன் வகுப்பு

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் யோகேஸ்வரிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஜாமீனில் வந்த பையனிடம் என்ன வழக்கு என்று கேட்க மாட்டாள். "பத்தாவதுல எதுல போச்சு?" என்றுதான் கேட்பாள். நான் வக்கீல் குமாஸ்தா பால்ச்சாமி. இருபத்தாறு வருஷமாக வழக்கைத்தான் முதலில் கேட்டு வருகிறேன்.

அவள் ராஜபாளையத்துக்காரி. கணக்கில் பட்டம், அதற்கு மேல் பி.எட். வேலைதான் வரவில்லை. அதனால் என்ன, மாணவர்களைக் கோர்ட்டே அனுப்பி வைத்தது. நிபந்தனை ஜாமீனில் வரும் பையன்கள் தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்பது மணிக்கே பஸ்ஸில் வந்து இறங்கி, டீக்கடையில் செல்போனைத் தேய்த்துக்கொண்டு நிற்பார்கள். அவர்களைக் கடைக்குள் இழுத்துப் போட்டு, தனித்தேர்வுக்கு விண்ணப்பம் பூர்த்தி செய்து, பத்தேகால் வரை பாடம் நடத்துவாள். வீட்டுப்பாடம் செய்யாதவனைக் கையெழுத்துப் போடப் போகவிட மாட்டேன் என்பாள். வெறும் மிரட்டல்தான். ஆனால் பயல்கள் நீதிபதிக்குக்கூட அப்படிப் பயந்ததில்லை.

ஒரே வில்லங்கம், தினக் கையெழுத்து வேண்டாம் என்று கோர்ட் நிபந்தனையைத் தளர்த்தினால் பையன் மறுநாள் வரமாட்டான். பாண்டிச்செல்வம் என்றொரு பையன் பாதி முக்கோணவியலோடு போனவன் போனவன்தான். "ஒங்க வக்கீலு பெட்டிஷன் போட்டுப் போட்டே எங் கிளாஸக் காலி பண்ணுதாரு அண்ணாச்சி" என்று என்னிடம் சண்டைக்கு வருவாள்.

வன்னியம்பட்டி மாரிசெல்வம் பத்தொன்பது வயசுப் பயல். வாலிபால் மேட்ச்சில் நடந்த அடிதடியில் மாட்டியவன். கணக்கில் மட்டும் மூன்று முறை பெயில். இந்தத் தடவை தேறினால் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் படிக்கலாம். பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது, அவனுக்கு நிபந்தனையைத் தளர்த்தக் கேட்கும் மனுவை டைப் அடிக்கச் சொல்லி அவளிடம் கொடுத்தேன். அன்று திங்கட்கிழமை.

திங்கள், கரண்ட் இல்லை என்றாள். செவ்வாய், கம்ப்யூட்டரில் வைரஸ். புதன், பிரிண்டரில் மை இல்லை. வியாழன் போனால் அதே பிரிண்டர் மாதிரி வினாத்தாளைச் சூடு சூடாகத் தள்ளிக்கொண்டிருக்கிறது. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"ஏட்டி, என்ன இது?"

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தப் பண்ணலாம்னா, நாலு பொய் சொல்லி ஒரு பயலப் பாஸாக்கப்பிடாதா அண்ணாச்சி?"

"அவன் கொத்தனாருக்குக் கையாளாப் போறவன். கையெழுத்துப் போட்டுட்டுப் பதினோரு மணிக்குப் போய் நின்னா எந்தக் கொத்தனாரு சேத்துக்கிடுவாரு? நாப்பது நாளா அவனுக்கு வேலை கெடையாது. தெரியுமா ஒனக்கு?"

அவளுக்குத் தெரியாது. முகம் அப்படியே வாடிப்போயிற்று. உட்கார்ந்து பத்தே நிமிஷத்தில் அடித்துக் கொடுத்தாள்.

அடுத்த திங்கட்கிழமை நிபந்தனை தளர்ந்தது. நான் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. கமுக்கமாக இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அவள் மாரிசெல்வத்தைக் கூப்பிட்டு, "ஒன் மனுவ நாந்தாம்ல நாலு நாளு இழுத்தடிச்சேன். நீ கிளாஸுக்கு வரமாட்டியேன்னு பயம். தப்புதான்" என்று சொல்லிவிட்டாள்.

அவன் அவளையே பார்த்தான். "ஸ்டேஷன்லகூட எங்கிட்ட யாரும் பொய் சொல்லலக்கா" என்றான். விறுவிறுவென்று போய்விட்டான்.

செவ்வாய் வரவில்லை. புதனும் இல்லை. அன்று அவள் போர்டில் ஏழெட்டு ஐம்பத்து நாலு என்று எழுதினாள். உள்ளே இருந்த ஐந்து பேரும் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, பாவமாகவும் இருந்தது.

வியாழன் சாயங்காலம் ராஜபாளையம் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் கடையைச் சாத்திக்கொண்டிருந்தாள். என் நகல்களை வாங்கிக்கொண்டு நானும் கிளம்பினேன். மாரிசெல்வம் வந்து நின்றான். சட்டையெல்லாம் சிமெண்டு, கையில் நோட்டு.

"பகல்ல வேலை இருக்கு. இனி இந்நேரந்தான் வர முடியும்."

"வால, வா" என்றாள்.

"மன்னிச்சிட்டேன்னு நெனைக்காதிய" என்றான் அவன், நோட்டைப் பிரித்துக்கொண்டே. "இந்த ஒம்பதாவது கணக்குதான் வரமாட்டேங்கு."

அவள் ஷட்டரை மறுபடி மேலே தூக்கினாள்.