பிஎச் மீட்டரும் நாத்தனாரும்

துணிக்குச் சாயம் போடும் ஆலையில் அவளை எல்லோரும் மீட்டரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சுவரில் மாட்டியிருக்கும் கருவி எதுவும் முரண்டு பிடித்தால் கழற்றிவந்து மேஜையில் போட்டு, வழிக்குக் கொண்டுவராமல் விடமாட்டாள். அப்படியொரு பிடிவாதக்காரி. கல்யாணமான புதிதிலேயே புகுந்த வீட்டுக் கடிகாரத்தைப் பிரித்துப்போட்டு மாமியாரை அலறவைத்தவள்.

அன்று மேஜையில் கிடந்தது கழிவுநீர்த் தொட்டியில் அமிலம் எவ்வளவு என்று காட்டும் பிஎச் மீட்டர். ஏழு என்றால் தண்ணீர் நல்லது; எண் குறையக் குறைய அமிலம். முந்தின நாள், சுண்ணாம்பு போதாமல் அமிலத் தண்ணீர் அப்படியே வாய்க்காலுக்குப் போய், மீனெல்லாம் செத்து மிதந்தது. சுண்ணாம்பு விடுகிற வேலை அவளுடைய நாத்தனாருக்கு. புருஷன் விட்டுப்போன அந்தப் பெண் அந்தச் சம்பளத்தை நம்பித்தான் தலைநிமிர்ந்து நிற்கிறாள்.

"மீட்டர்ல ஏழுகிட்ட காட்டுச்சு. தண்ணி நல்லாத்தான் இருக்குன்னு சுண்ணாம்பு வால்வை மூடிட்டேன்" என்று தொண்டை கிழியச் சொன்னாள். யார் கேட்டார்கள்? தண்ணீரில் முக்கும் எலக்ட்ரோடை லேப்காரர் தன் மீட்டரில் மாட்டிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றுவிட்டார். மீட்டர் பெட்டியைக் காலையில் மீட்டரக்காவே சோதித்து, நன்றாக இருக்கிறது என்றுவிட்டாள். இரண்டும் நன்றாக இருந்தால் தப்பு யாருடையது? சாயங்காலத்தோடு நாத்தனார் நின்றுகொள்ள வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

"மறுபடி சோதிக்கணும் சார்" என்று மீட்டரக்கா அவர் முன்னால் போய் நின்றாள்.

"சொந்தக்காரின்னு சப்பைக்கட்டு கட்டாதீங்கம்மா."

"கட்டல சார். நீங்களே பக்கத்துல நின்னு பாருங்க."

காலையில் சோதித்த அதே சிமுலேட்டரை எடுத்து மீட்டரில் மாட்டினாள். அது ஒன்றும் மந்திரப் பெட்டி அல்ல. எலக்ட்ரோடு அனுப்பும் துளியூண்டு மின்சாரத்தை, தண்ணீரே இல்லாமல் பொய்யாக அனுப்பும், அவ்வளவுதான். பூஜ்யம் மில்லிவோல்ட் கொடுத்தாள். மீட்டர் ஏழு என்றது. நூற்றெழுபத்தேழு கொடுத்தாள், நாலு என்றது. கனகச்சிதம். "பாத்தீங்களா?" என்றார் மேனேஜர்.

சிமுலேட்டரின் ஓரத்தில் ஒரு பட்டன் உண்டு. கண்ணாடி எலக்ட்ரோடு வழியாக மின்சாரம் திக்கித் திணறித்தான் வரும்; பட்டனை அழுத்தினால் சிமுலேட்டரும் அதேபோலத் திணறும். ஆனால் அப்போது பக்கத்தில் யாராவது கையை அசைத்தால்கூட எண் பேயாட்டம் ஆடும். அந்தத் தொல்லைக்குப் பயந்து அந்த ஆலையில் யாரும் அதைத் தொடுவதே இல்லை. சும்மா சொல்லக்கூடாது, மீட்டரக்காவும்தான்.

"யாரும் அசையாதீங்க. சார், காலை ஆட்டாதீங்க."

அழுத்தினாள். ஆடி அடங்கிய எண் நாலில் நிற்கவில்லை. ஆறரையில் போய் உட்கார்ந்தது. கொடுத்தது என்னவோ அதே அமிலக் கணக்குதான்!

"அடப்பாவி!" என்று மீட்டரைத் திட்டினாள். எங்கோ ஈரம் இருந்துகொண்டு, வருகிற துளி மின்சாரத்தையும் கசியவிடுகிறது. பட்டனை அழுத்தாதபோது மின்சாரம் தடையில்லாமல் வந்ததால் அந்தக் கசிவு தெரியவே இல்லை. ஒயரைப் பிடுங்கி, சாக்கெட்டை முகத்தருகே கொண்டுபோய், வழக்கம்போல் தூசி போக ஊதப்போனாள். குவித்த வாய் அப்படியே நின்றுவிட்டது. ஒவ்வொரு தடவையும் ஊதிவிட்டுத்தானே ஒயரை மாட்டுகிறாள்! அந்த எச்சில்தான் படிந்து படிந்து இந்த வேலை செய்திருக்கிறது.

ஸ்பிரிட்டால் துடைத்து, சூடான காற்றில் நன்றாக உலர்த்தி, மறுபடி பட்டனை அழுத்தினாள். நாலு. இம்மி நகரவில்லை.

"சரி, ஏதோ ஈரம்னு எழுதிக்கலாம்" என்று மேனேஜர் இறங்கிவந்தார்.

"நான் ஊதின ஈரம்னு எழுதுங்க சார். அவளைக் கூப்பிட்டு, எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

சொல்லவைத்த பிறகுதான் அந்த இடத்தைவிட்டு நகர்ந்தாள்.

கைகழுவும் இடத்தில் நாத்தனார் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"என்னாலதான்டி உனக்கு இந்த அவமானம். மன்னிச்சுடு."

நாத்தனார் குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள். "அந்தப் பட்டனை அழுத்தினப்பவும் நாலே காட்டியிருந்தா? என்மேலதான் தப்புன்னு விட்டிருப்பீங்களா அண்ணி?"

"விடுறதா? ஒயரைக் கழட்டியிருப்பேன். ஒயரும் நல்லாயிருந்தா, அந்தச் சுவரையே இடிச்சுப் பாத்திருப்பேன். நீ பொய் சொல்றவ இல்லடி."