நல்ல தண்ணி

அண்ணன் பைக்கில் அடிபட்டுச் செத்து, காரியம் முடிந்த மறுவாரமே அவன் வேலைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். உத்திரமேரூரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் ஒரு காலேஜ் லேப். கண்ணாடிச் சாமான் கழுவ வேண்டும். எட்டாவதோடு நின்றவள் நான். ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றார்கள்.

ஆராய்ச்சி பண்ணுகிற மேடம் தங்கக் கரைசல் காய்ச்சுவார். பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் மாதிரி சிவப்பாக வரவேண்டும். உள்ளே இருக்கும் தங்கத் துகள் கண்ணுக்குத் தெரியாது. சின்னச் சதுரக் குப்பியில் ஊற்றி மெஷினில் வைத்தால், எந்த ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்று கம்ப்யூட்டரில் மேடு மாதிரி ஒரு கோடு எழும். உச்சி ஐந்நூற்று இருபது என்ற எண்ணுக்கு நேரே நின்றால் துகள் சின்னது. வலது பக்கம் சரிந்தால், துகள்கள் ஒட்டிப் பெருத்துவிட்டன.

நான் போனதிலிருந்து சரிவுதான். கரைசலும் கத்தரிப்பூ நிறம்.

"நல்ல தண்ணியிலதான அலசுற?"

"ஆமா மேடம், நல்ல தண்ணிதான்."

"உங்க அண்ணன் இருந்தப்ப ஒரு நாள்கூட இப்படி ஆனதில்லம்மா."

நாலு தடவை அலசினேன். விரல் தோல் உரிந்தது. கோடு நகரவில்லை.

"செத்தும் அவன் பேரயேதான் சொல்லிக்கினு கீறாங்க" என்றேன் அம்மாவிடம்.

"இன்னாடி பேச்சு இது" என்று அம்மா அழுதது. எனக்கு அதற்கும் எரிச்சல் வந்தது.

மாதக் கடைசியில் மேடம் தொட்டிப் பக்கம் வந்து நின்றார். "என்ன தண்ணி அது?"

"குடிக்கிற தண்ணி மேடம். எங்க ஊர்ல இதத்தான் நல்ல தண்ணின்னுவோம். போர் தண்ணி உப்பு."

"இதுலயும் உப்பு இருக்கும்மா. உப்பு பட்டா தங்கம் ஒட்டிக்கும். அந்தக் கேன் தண்ணி எடுக்கலயா?"

இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் இருந்த வெள்ளைக் கேன்.

"அது பேட்டரி தண்ணியாச்சே. ஒரு வாட்டி அண்ணனுக்குச் சோறு எட்த்தாந்தப்ப, தொடாதன்னு சொல்லிக்கீறான்."

மேடம் சிரித்துவிட்டார். "டிஸ்டில்ட் வாட்டர்ம்மா, உப்பே இல்லாதது. பேட்டரிக்கும் அதான், எனக்கும் அதான்."

இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அவன். இனி யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

அதிலேயே அலசிக் கொடுத்தேன். கரைசல் சிவந்தது. உச்சி ஐந்நூற்று இருபதில் நின்றது. மேடம் வருகைப் பதிவேட்டை எடுத்து அண்ணன் பேரை அடித்தார். கீழே என் பேரை எழுதினார்.

"இனிமே நீயே கையெழுத்துப் போடு."

இதற்குத்தான் ஒரு மாதம் அல்லாடினேன். ஆனாலும் அவன் பேரை ஸ்கேல் வைத்து அவ்வளவு நேராக அடித்திருக்க வேண்டாம்.