பதினாலாவது மாடியில் கம்பளிக் கோட்டு

அந்த லிஃப்டுக்குள் எங்களையும் சேர்த்து எட்டுப் பேர் நின்றிருந்தோம். ஆறு பேர் மெல்லிய சட்டையிலும் நூல் சேலையிலும் இருந்தார்கள். அப்படி இருந்தும் வேர்த்து வழிந்துகொண்டிருந்தார்கள். மீதி இரண்டு பேர் நானும் மச்சானும். மச்சான் முழங்கால் வரை தொங்கும் கறுப்புக் கம்பளிக் கோட்டும் தலைப்பாகையுமாக நின்றார். நான் கழுத்து மூடிய ஸ்வெட்டர் போட்டு, அதற்கு மேலே மப்ளரையும் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தேன். சென்னைப் பட்டணம், சித்திரை மாதம், காலை பதினொரு மணி. லிஃப்டை ஓட்டிய பையன் எங்களை இரண்டு தரம் ஏற இறங்கப் பார்த்தான். ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்திருப்பான்.

இப்படி ஒரு காரியத்தை எங்கள் சிலோன் மலைக்காரர்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாது. எங்களுக்கு உயரம் என்றால் குளிர். ஹட்டனில் பஸ் ஏறி மஸ்கெலியாவுக்கு வருகிறவன் ஒவ்வொரு முடக்கிலும் ஒரு பொத்தானைப் போட்டுக்கொண்டே வருவான். நுவரெலியாவுக்குக் கம்பளி இல்லாமல் போகிறவனைக் கண்டால் வீட்டில் ஏதாவது சண்டையா என்று கேட்போம். போதாததற்கு நான் தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார். ஆயிரம் அடி ஏறினால் மூன்றரை டிகிரி பாரன்ஹீட் குறையும் என்று வருஷா வருஷம் ஐந்தாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்கிறவன். சொல்லத் தெரியாத பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறேன். பெஞ்சு மேல் ஏறினால் எத்தனை டிகிரி குறையும் என்று ஒரு பிள்ளையாவது திருப்பிக் கேட்டிருந்தால் என் மானம் தப்பியிருக்கும். மவுண்ட் ரோட்டில் புதிதாக எழும்பியிருக்கும் பதினாலு மாடிக் கட்டடம் ஆகாயத்தைத் தொடுகிறது என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். ஆகாயத்தைத் தொடுகிற இடத்தில் குளிராமல் இருக்குமா? "மச்சான், மேல குளிரும். கோட்ட எடுத்துக்குங்க" என்றேன். படித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிறவர் மச்சான். எடுத்துக்கொண்டார்.

மச்சான் என்றால் என் அக்காவின் புருஷன். எங்கள் தோட்டத்தில் கங்காணி. முப்பது பெண்கள் கொழுந்து பறிக்க, மேட்டில் நின்று அவர்களைப் பார்த்துக்கொள்வதுதான் அவருக்கு உத்தியோகம். அவர் பிறந்தது அந்தத் தோட்டம், அவருடைய அப்பா பிறந்ததும் அதே தோட்டம். இருந்தாலும் அந்த வருஷம் அவருடைய இலங்கைப் பிரஜாவுரிமை மனு தள்ளுபடியாகி இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்தது. அதை அவருக்கு மூன்று தரம் வாசித்துக் காட்டினேன்; மூன்று தரமும் ஒரே அர்த்தம்தான் வந்தது. ஒன்று, எந்த நாட்டு ஆளும் இல்லாமல் இருந்த இடத்திலேயே இருக்கலாம். இல்லாவிட்டால் கண்டியிலிருக்கும் இந்திய ஆபீசுக்கு மனுப் போட்டு இந்தியக்காரராகி, அக்காவையும் மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கடல் கடந்து போகலாம். லயத்து வீடுகளில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மச்சான் யாரையும் நம்பவில்லை. "நாட்ட நான் பாக்காம எப்பிடிச் சொல்றது? போயிப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்று நாலு வாரத்துக்கு ஒரு அனுமதித் தாள் வாங்கிவிட்டார். "நீயும் கூடப் போடா. அவரு பாக்குறத நீயும் பாரு. வந்து எங்கிட்ட சொல்லு" என்றாள் அக்கா. என் படிப்புக்கு அவள் கொடுத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

என் யோசனை வேறு. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. புஸ்தகங்கள் நிறைய உண்டு, ஆனால் அவற்றுக்குச் சமைக்கத் தெரியாது. இரண்டு வேளையும் அக்கா வீட்டில்தான் சாப்பாடு. அப்பா அம்மா போன பிறகு அந்த மலையில் எனக்கென்று இருந்த ஒரே ஆள் அவள். அவள் போய்விட்டால் நான் தோட்டத்துக் கணக்கில் ஒரு வாத்தியார், அவ்வளவுதான். ஆகவே மச்சானுக்கு இந்தியா பிடிக்கக் கூடாது என்று தலைமன்னாரில் கப்பல் ஏறும்போதே தீர்மானித்துவிட்டேன். இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. படித்தவர்கள் சொல்ல மாட்டார்கள், ஏற்பாடு செய்வார்கள்.

திருச்சிப் பக்கத்தில் பங்காளி வீட்டில் இரண்டு நாள் தங்கினோம். பிறகு சைதாப்பேட்டையில் மச்சானுக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு மேஸ்திரி வீட்டுக்கு வந்தோம். கட்டட வேலையில் மச்சானைச் சேர்த்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தவர் அவர்தான். நான் மும்முரமாக வேலை செய்தேன். குழாயடியில் குடங்கள் வரிசையாக நிற்பதைக் காட்டினேன். கொசுவைக் காட்டினேன், அதைக் காட்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஹோட்டலில் நல்ல காப்பி கொடுத்தால் "சிக்கரி" என்றேன். உச்சி வெயிலில் தெருத் தெருவாக நடத்தினேன். மச்சானும் வேர்க்க வேர்க்க நடந்தாரே தவிர, நல்லது கெட்டது எதுவும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு படுத்தேன். நாலாம் நாள் காலையில் அவராகச் சொன்னார்: "உள்ளுக்குள்ளேயே சுத்துனா ஒண்ணும் வெளங்காது மாப்ளே. மலைக்குள்ள நின்னா எலதான் தெரியும். உச்சியில நின்னு பாத்தாத்தான் நெர தெரியும். இந்த ஊருல ஒசந்த எடம் எது?" நிரை என்பது எங்கள் ஊரில் தேயிலைச் செடிகளின் வரிசை, கொழுந்து பறிப்பவர்கள் ஆளுக்கொன்று பிடித்துக்கொண்டு போவது. நாட்டையும் அப்படிப் பார்த்துவிடலாம் என்று அவருக்கு எண்ணம்.

மொட்டை மாடிக் கதவு திறந்ததும் அடுப்பு வாயில் முகத்தை நீட்டியது போல இருந்தது. சிமெண்டுத் தரை செருப்பைத் தாண்டிச் சுட்டது. காக்கிச் சட்டை போட்ட காவல்காரர் ஒருவர் நிழலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்தே விட்டார்.

"இன்னா சார், கோட்டு போட்டுக்கினு வந்துகீறீங்க? ஊட்டிக்கு வழி தப்பிட்டீங்களா?"

"சிலோன்லேருந்து வர்றோம்ங்க" என்றார் மச்சான், அது ஒரு விளக்கம் என்பது போல.

"அங்க வெயிலே கெடியாதா?"

"இருக்குங்க. கீழ இருக்கு."

காவல்காரர் என்னைப் பார்த்தார். நான் அடிவானத்தைப் பார்த்தேன். பூமி சாஸ்திரத்துக்கு நேர்ந்த அவமானத்தில் மப்ளரை அவிழ்க்கக்கூடத் தோன்றவில்லை.

மச்சான் மாடியின் நாலு பக்கமும் நடக்க ஆரம்பித்தார். காலையில் மலையைச் சுற்றி வருகிற அதே நடை. கை இரண்டும் பின்னால், தலை ஒரு பக்கம் சாய்ந்து. ஒரு பக்கம் கடல். மற்ற மூன்று பக்கமும் வீடு, வீடு, தென்னை, மறுபடியும் வீடு. ஒரு சரிவு இல்லை, ஒரு முகடு இல்லை. மூன்றாவது சுற்றில் என்னிடம் வந்து நின்றார். முகத்தில் கலவரம்.

"என்ன மாப்ளே, எது மேடு எது பள்ளம்னே தெரியல. மழ பேஞ்சா தண்ணி எந்தப் பக்கம் ஓடும்?"

எனக்குத் தெரியாது. காவல்காரரிடம் கேட்டோம்.

"எங்கியும் ஓடாது சார். அப்டியே நிக்கும்."

எனக்கு அந்த மனிதரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. "கேட்டீங்களா மச்சான்? நிக்குமாம்" என்றேன். நாலு நாள் பிரசாரத்தில் நான் சாதிக்காததை அவர் ஒரே வாக்கியத்தில் சாதித்துவிட்டார். இனிக் கீழே இறங்கி ரயிலுக்குச் சீட்டு எடுக்க வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

மச்சான் நாலாவது சுற்றுக்குப் போனார். பாதிச் சுற்றில் நின்றுவிட்டார். நானும் போய் எட்டிப் பார்த்தேன். கீழே, இரண்டு தெரு தள்ளி, ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. சாரத்தில் பெண்கள் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கை மாற்றி மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த உயரத்திலிருந்து பார்க்க, நிரை பிடித்துப் போகும் எங்கள் ஊர்ப் பெண்கள் மாதிரியே இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி சட்டியைக் கீழே வைத்தாள். சாரத்து நிழலில் தூளி ஒன்று கட்டியிருந்தது. அதிலிருந்து குழந்தையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மச்சானின் கை சுவரைப் பிடித்தது. வாய் திறந்தது. என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். இருபது வருஷமாகத் தினமும் மேட்டில் நின்று அவர் போடுகிற சத்தம்தான்: "ஏ, யாருடி அது ஒக்காந்திருக்கிறது? எந்திரி!" எங்கள் தோட்டத்தில் குழந்தைகள் ஆயாவின் காவலில் பிள்ளைக் காம்பராவில் இருக்கும், மணியடித்தால் தாய்மார்கள் ஓடிப் போய்ப் பால் கொடுத்துவிட்டு ஓடி வர வேண்டும். மணிக்கு முன்னால் எவளாவது உட்கார்ந்தால் சத்தம் போடுகிறவர் மச்சான். அக்காவுக்கும் அப்படிப் போட்டிருக்கிறார். மூத்தவனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது, முப்பது பெண்கள் முன்னால். மேலே பங்களாவிலிருந்து துரை பார்த்துக்கொண்டிருந்தார். போடாமல் இருக்க முடியவில்லை.

திறந்த வாயை மச்சான் மூடிக்கொண்டார். அங்கே யாரும் சத்தம் போடவில்லை. மேஸ்திரி போலத் தெரிந்த ஆள் ஒருவர் அவளைத் தாண்டிப் போனார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளாகக் குழந்தையைத் தூளியில் போட்டாள், சேலையை உதறினாள், சட்டியைத் தூக்கினாள்.

"எந்திரிச்சிட்டா பாத்தியா" என்றார் மச்சான். "ஒருத்தரும் சொல்லாமலே."

அன்று சாயங்காலம் அந்த மேஸ்திரி அவள் கூலியில் பாதியைப் பிடித்தாரோ என்னவோ. அதெல்லாம் பதினாலு மாடி உயரத்திலிருந்து தெரியாது. இதைச் சொல்ல நான் வாயெடுத்தேன், நல்ல வாதம். மச்சானின் முகத்தைப் பார்த்ததும் சொல்ல வரவில்லை. கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் போட்டுக்கொண்டார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"கோட்டு போடச் சொன்னது எதுக்குன்னு எனக்குத் தெரியாதா மாப்ளே? வெயில்ல வெந்து, போதும்டா சாமின்னு நான் ஓடட்டும்னுதானே?"

சத்தியமாக அது என் அறியாமை. ஆனால் வாத்தியார் சதிகாரனாக இருக்கலாம், முட்டாளாக இருக்கக் கூடாது. தலையைக் குனிந்து சதியை ஒப்புக்கொண்டேன்.

"ஒம்மேல கோவம் இல்ல. அக்கா போயிட்டா ஒனக்கு யாரு இருக்கா? அது எனக்குத் தெரியாமலா. ஆனா நாங்க இங்க வந்துர்றோம். எனக்கு அந்த மேட்டுல நின்னு கத்துறது போதும். நான் சொன்னா ஒங்க அக்கா நம்ப மாட்டா, நீதான் சொல்லணும். பாத்தத மட்டும் சொல்லு. கூட்டவும் வேணாம், கொறைக்கவும் வேணாம்."

திரும்பி வருகிற வழியெல்லாம் என் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. ரயிலில் ஜன்னல் மாற்றி ஜன்னல் உட்கார்ந்தேன், கப்பலில் மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் ஏறி இறங்கினேன். அக்காவிடம் சொல்ல இரண்டு பேச்சுகள் தயாரித்தேன். ஒன்றில் தண்ணீர் தேங்கியது, கொசு கடித்தது, மேஸ்திரி கூலியைப் பிடித்தார். மற்றதில் பார்த்தது மட்டும். முதலாவதைச் சொன்னால் அவள் வர மாட்டேன் என்பாள். மச்சான் அவளை மீற மாட்டார். என் வாயில் ஒரே ஒரு வார்த்தை, அவ்வளவுதான். ஹட்டனில் பஸ் ஏறும்போது என் மேலேயே எனக்கு வெட்கம் வந்தது. அப்படி ஒன்று எனக்குள் இருப்பது அதுவரை எனக்கே தெரியாது.

மச்சான் பிள்ளைகளோடு வெளியே போயிருந்தார். அக்கா அடுப்பங்கரையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "என்னடா, ஊரு எப்பிடி?" என்றாள். சொன்னேன். குழாயடியையும் சொன்னேன், வெயிலையும் சொன்னேன். அந்தப் பெண் உட்கார்ந்ததை, யாரும் சத்தம் போடாததை, அவளாக எழுந்ததை, மச்சான் அதைப் பார்த்தபடி நின்றதைச் சொன்னேன். ஒரு கிண்டல் இல்லை, ஒரு மேற்கோள் இல்லை. என் வாழ்நாளில் அப்படி ஒரு பேச்சை நான் பேசியதில்லை. கடைசியில், "போங்கக்கா. நல்லாத்தான் இருக்கும்" என்றேன். பெரிய மனுஷன் ஆகிவிட்டதாகவே நினைத்தேன்.

அக்காவின் கை கீரையில் நின்றுவிட்டது.

"சொல்லி முடிச்சிட்டியா?"

"ம்."

"சின்ன வயசுலேருந்து ஒன்னப் பத்தி மட்டுந்தான்டா நெனப்ப. முட்டைய நீ தின்னுட்டு, கோழி போடவே இல்லன்னு சொன்னவன். இந்த ஒரு தடவ ஒன்னப் பத்தி நெனச்சிருக்கக் கூடாதா?"

எனக்குப் புரியவில்லை.

"எனக்குப் போக இஷ்டமில்லன்னு அவருகிட்ட நான் எந்த வாயால சொல்றது? மனுவத் தள்ளுன நாள்லேருந்து மனுசன் தூங்கல. நீ வேணாம்ப, ஒன்னச் சாக்கு வச்சி நானும் வேணாம்னு சொல்லலாம்னுதானே ஒன்னக் கூட அனுப்பினேன்."

"இப்பச் சொல்றேன்க்கா. மச்சான்கிட்ட நானே சொல்றேன்."

"இப்பச் சொன்னா நீ பொய்யனாயிருவ. அவரு ஒன்ன நம்பிட்டாரு." கீரையை முறத்தோடு தள்ளிவைத்தாள். "போ, கையக் கழுவு. சோறு ஆறுது."

மறு வருஷம் போய்விட்டார்கள். இப்போது இரண்டு நாட்டுச் சர்க்கார்களும் கூடி உட்கார்ந்து, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று எங்களைப் பிரித்துக்கொண்டிருக்கின்றன. அவர்கள் எந்த மாடியில் ஏறிப் பார்த்தார்களோ தெரியாது. பள்ளிக்கூடம் விட்டால் ஆட்கள் என்னிடம்தான் வருகிறார்கள். "வாத்தியாரே, போகலாமா, இருக்கலாமா?" என்று கேட்கிறார்கள். "வீட்டுல கேட்டீங்களா?" என்கிறேன். வாத்தியார் வழக்கம்போலக் கிண்டல் செய்கிறார் என்று சிரிக்கிறார்கள். நான் சிரிப்பதில்லை. பாதியில் எழுந்து வராந்தாவில் நடக்கிறேன், மறுபடி வந்து உட்காருகிறேன். கேட்பவர்களுக்கு மனு எழுதிக்கொடுக்கிறேன், என்னுடைய மனு மட்டும் எழுதப்படாமல் மேசையில் கிடக்கிறது.

மச்சான் இரண்டு மாதத்துக்கு ஒரு கடிதம் போடுகிறார். அவரும் மேஸ்திரியாகிவிட்டார், சத்தம் போடுவதில்லையாம். ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும், "உன் அக்கா உன்னை மிகவும் விசாரித்ததாக எழுதச் சொன்னாள்" என்று ஒரு வரி இருக்கும். அக்காவுக்கு நன்றாக எழுதத் தெரியும். எங்கள் ஒற்றையறைப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரை என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள், என்னைவிட அழகான கையெழுத்து. அந்த வரி இதுவரை மச்சானின் கையெழுத்தில்தான் வந்துகொண்டிருக்கிறது.