பயத்துக்கு வேறு பெயர் வைக்காதீர்கள்

நோர்வேக்காரரோடு வாதாடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய சோதனை என்று. நாம் பேசும்போது குறுக்கே விழமாட்டார்கள். பேசி முடித்தாலும் ஒரு மிடறு கோப்பி குடித்துவிட்டுத்தான் வாய் திறப்பார்கள். நாலு பேர் ஒரே நேரத்தில் கத்திக் கதைக்கும் ஊரிலிருந்து வந்த எனக்கு அந்த மௌனம் இன்னும் பழகவில்லை. சென்ற செவ்வாய் மாலை, நான் வசிக்கும் ஸ்டோவ்னரில் எங்கள் நூலகத்து வாசிப்பு வட்டத்தில், அப்படியொரு மௌனத்தை நானே உண்டாக்கினேன்.

வட்டத்தை நடத்துபவர் இங்கர், ஓய்வுபெற்ற ஆசிரியை. பிரெஞ்சுப் புரட்சி வெடித்தபோது ஆங்கிலக் கவிஞர்கள் துள்ளிக் குதித்து வரவேற்றார்கள், தலைகள் உருளத் தொடங்கியதும் மலையையும் ஏரியையும் பாடப் போய்விட்டார்கள் என்று விளக்கினார். பிறகு வெள்ளைப் பலகையில் 'மூட்னிங்' என்று எழுதினார். முதிர்ச்சி என்று அர்த்தம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

யாழ்ப்பாணத்தில், உயர்தர ஆங்கில இலக்கிய வகுப்பிலும் இதே கதைதான். 'அவர்கள் பயந்துவிட்டார்கள்' என்று நான் எழுதிய விடையை மாஸ்டர் சிவப்பு மையால் குறுக்கே வெட்டினார். "பெரிய கவிஞர்மாரைப் பயந்தாங்கொள்ளியள் எண்டு எழுதுறதே, பிள்ளை? பக்குவப்பட்டவை எண்டு எழுதும்." அந்த நாளில் நானும் விடுதலை, சமத்துவம் என்று கவிதை எழுதிக் கைதட்டு வாங்கியவள். கூட எழுதிய சிநேகிதியை ஆயுதக்காரர் வீட்டுக்கு வந்து பிடித்துக்கொண்டு போன அன்று, என் கவிதைக் கொப்பிகள் அத்தனையையும் அடுப்பில் போட்டேன். அவள் திரும்பி வரவில்லை. நான் அதற்குப் பிறகு ஒரு வரி எழுதவில்லை. அதைப் பக்குவம் என்று சொன்னால் அவளுக்கு நான் என்ன பதில் சொல்ல?

எழுந்தே விட்டேன். "பயந்தது பிழையில்லை. நானும் பயந்துதான் இந்த நாட்டுக்கு வந்தேன். ஆனால் பயத்துக்கு முதிர்ச்சி என்று பட்டம் கட்டாதீர்கள். ஆலைத் தொழிலாளியின் பசியைப் பயப்படாமல் எழுதிய நாவல்காரர்களும் அதே இங்கிலாந்தில் இருந்தவர்கள்தானே!" என் உடைந்த நோர்வேஜிய மொழி அன்று ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

எல்லோரும் ஒரு மிடறு கோப்பி குடித்தார்கள். கடைசியில் இங்கர் "இன்ட்ரெஸாங்" என்றார். சுவாரசியமாம். உடன்பாடில்லை என்பதை இங்கே மரியாதையாகச் சொல்லும் விதம் அதுதான் என்று நினைத்து, பையைத் தூக்கினேன். அவரோ பேனையை என்னிடம் நீட்டினார். மூட்னிங்கைக் குறுக்கே வெட்டினேன். கீழே, அவர்கள் மொழியில் பயம் என்று எழுதினேன். போதவில்லை. அதற்கும் கீழே தமிழில் எழுதினேன்.

வீட்டில் கணவர் சிரித்தார். "அங்கையும் போய்ச் சண்டை பிடிச்சனீரோ?"

"ஓம், பிடிச்சனான்."

மறுநாள் விடிய வேலைக்குப் போனேன். அந்த நூலகத்தைத் துப்புரவாக்குவதும் நான்தான். நிலத்தைத் துடைத்தேன். நேற்று நான் இருந்த கதிரையைத் துடைத்தேன், குடித்த கோப்பையையும் கழுவி வைத்தேன். பலகையில் மட்டும் கை வைக்கவில்லை.