காது குத்துவதற்கு முன் செய்த குற்றம்

றக்வானையில் நாங்கள் இருந்த லயத்தின், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின், கடைசியில், தேயிலை மலைக்கு ஏறும் படிக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஒரு மண்டபம் இருக்கிறது. அதுதான் எங்கள் சபை. ஆண்கள் வலது பக்கமும் பெண்கள் இடது பக்கமும் பாயில் உட்காருவோம். பெண்களுக்கு வெள்ளைச் சேலை, முக்காடு. நகை கிடையாது. தாலியும் நகைதான் என்பதால் அதுவும் கிடையாது. சபையில் பிறந்த பெண் குழந்தைகளுக்குக் காது குத்துவதில்லை. பள்ளிக்கூடத்தில் என் பெயர் மூளிக்காது. ஞாயிறு காலையில் நாங்கள் வரிசையாகப் போகும்போது பக்கத்துக் காம்பராக்காரி தன் வீட்டு வாசலில் நின்று, "கொக்குக் கூட்டம் கெளம்பிருச்சுடி, துணிய எடுங்க, மழ வரப்போகுது" என்பாள். அம்மாவுக்குச் சிரிப்பு வரும். ஆனால் அப்பா முன்னால் நடப்பதால் அடக்கிக்கொள்வார்.

அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். சபையில் அவர் மூப்பர், பாஸ்டருக்கு அடுத்த இடம். என் கையெழுத்து நன்றாக இருந்ததால், பதினைந்து வயதிலிருந்து சாட்சிப் புத்தகம் எழுதும் வேலை என்னிடம் வந்தது. ஒவ்வொரு வாரமும் யாராவது எழுந்து, கடவுள் தனக்குச் செய்ததைச் சொல்வார்கள். நான் அதை எழுதிக்கொள்வேன். ஆண்களின் சாட்சி அவரவர் பெயரில் இருக்கும். பெண்கள் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள்.

ஒரு கொழுந்தெடுக்கும் பெண், ஜெபத்தால் தன் இருமல் நின்றுவிட்டது என்று சாட்சி சொன்னார். எழுதினேன். இரண்டு மாதத்தில் அவர் இறந்துபோனார். அதையும் அந்தப் பதிவின் கீழே எழுதட்டுமா என்று பாஸ்டரிடம் கேட்டேன். "அது கடவுள் செஞ்சத எழுதுற புத்தகம், தங்கச்சி" என்றார். எழுதவில்லை. பிறகு கொழும்பில் ஒரு பத்திரிகையில் சேர்ந்தபோது, தவறான செய்தி வந்தால் மறுநாள் அதே பக்கத்தில் திருத்தம் போட வேண்டும் என்று முதல் வாரத்திலேயே சொல்லித் தந்தார்கள். எனக்கு அந்தப் பதிவு நினைவுக்கு வந்தது. அன்றே நம்பிக்கை போய்விட்டது என்று சொல்ல முடியாது. அது எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் தேடிப் பார்த்தேன், இல்லை.

இருபத்தாறாவது வயதில் பாஸ்டருக்கு ஒரு வரிக் கடிதம் அனுப்பினேன். சபையிலிருந்து விலகிக்கொள்கிறேன். காரணம் எழுதவில்லை. அவர் தொலைபேசியில் அழைத்தார். கோபமே இல்லாத குரல்.

"காரணம் இல்லாம எப்படி பேர வெட்டுறது? நாளைக்கு யாராச்சும் கேட்டா நான் என்ன சொல்றது?"

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. சபையிலிருந்து விலகுவதற்கு வழியே இல்லை, விலக்கப்படுவதற்கு மட்டும்தான் வழி இருந்தது. அதற்கு ஒரு குற்றம் வேண்டும். குற்றத்துக்குத் தகுந்த ஒழுங்கு உண்டு, தண்டனைக்குச் சபையில் அதுதான் பெயர். சினிமா, நகை போன்றவற்றுக்கு ஆறு மாதம் ஆராதனையில் திருவிருந்து அப்பம் கிடையாது, பின்வரிசையில் உட்கார வேண்டும். ஆறு மாதம் முடிந்தாலும், அதை விட்டுவிட்டேன் என்று வந்து சொல்லும்வரை அந்த ஒழுங்கு நீடிக்கும். அவிசுவாசம் வேறு. நம்பவில்லை என்று வாயால் சொன்னவரோடு சபையார் யாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. தாயும் கூடாது.

விசாரணை ஒரு சனிக்கிழமை மத்தியானம். மண்டபத்துக்குப் போகும் படியில் அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"கம்மல் போட்டேன்னு சொல்லிரு."

"காதுல ஓட்டையே இல்லையேம்மா."

"முக்காட எடுக்கச் சொல்ல முடியுமா அவங்களால?"

முடியாது. மண்டபத்துக்குள் பெண் முக்காட்டை எடுப்பதும் குற்றம். அம்மா இதை எத்தனை நாளாக யோசித்து வைத்திருந்தார் என்று தெரியவில்லை. மூப்பர் கூட்டத்துக்குள் பெண்கள் வருவதில்லை என்பதால் அவர் வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

உள்ளே பாஸ்டரும் அப்பாவும் நாற்காலியில் இருந்தார்கள். பாஸ்டர் பதிவேட்டைத் திறந்தார்.

"சினிமாவா?"

"இல்லைங்க."

"வெளிய யாராச்சும் பையன்?"

"இல்லைங்க."

"அப்ப என்னதான் தங்கச்சி? சொன்னாத்தானே எழுதலாம்."

அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது நின்றுபோய் நாளாகியிருந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுவதுதான் என் தொழில். உண்மையைச் சொன்னால் எத்தனை சொற்கள் ஆகும் என்று எண்ணிப் பார்த்தேன். இரண்டு.

"கம்மல் போட்டேன்" என்றேன்.

பாஸ்டரின் முகம் லேசானது. ஆபரணம் என்று எழுதி அடிக்கோடிட்டார். அன்றிரவு வீட்டிலும் நான் முக்காட்டை எடுக்கவில்லை. மறுநாள் ஆராதனையில் அப்பா எழுந்து, என் பெயரையும் குற்றத்தையும் வாசித்தார். கூட்ட அறிவிப்பு வாசிக்கும் அதே குரல். நான் பின்வரிசைப் பாயில் உட்கார்ந்து, கூரையில் ஒரு குளவி கூடு கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். எதுவும் வரவில்லை.

அடுத்த வாரம் அம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. "வரும்போது காதுல ஏதாச்சும் இருக்கணும் புள்ள. வீட்டுல அப்பா ஒன்னய முக்காடு இல்லாம பாப்பாரு."

ஊருக்குப் போகும் வழியில் கஹவத்தையில் பஸ்ஸை விட்டு இறங்கி, நிலையத்துக்கு எதிரே ஒரு நகைக் கடைக்குப் போனேன். கடைக்காரி சிங்களப் பெண். என் காது மடலை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்து, இத்தனை வயதுவரை எங்கே இருந்தாய் என்று சிங்களத்தில் கேட்டுச் சிரித்தாள். பேனாவால் புள்ளி வைத்து, துப்பாக்கி மாதிரி ஒன்றால் இரண்டு முறை சொடுக்கினாள்.

"ரிதுனாத நங்கி?" வலித்ததா என்று.

"நே" என்றேன், இல்லை என்று. அது உண்மை. தண்டனை வாங்கி ஒரு வாரம் கழித்து, குற்றத்தைச் செய்து முடித்து, அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

அன்று அப்பா என் காதைப் பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்தார். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம்.

"எப்ப கழட்டப் போற?"

"புண்ணு ஆறட்டும்பா. இப்பக் கழட்டினா சீப் புடிச்சிரும்."

"ம்."

இது நடந்து நான்கு வருடம் ஆகிறது. ஒவ்வொரு முறை நான் போகும்போதும் அப்பா கேட்கிறார்: "இன்னும் ஆறலையா?" இல்லப்பா என்கிறேன். அம்மா குழம்பை ஊற்றியபடி, "சில பேருக்கு லேசுல ஆறாது" என்கிறார். மூன்று பேரும் இதை முகம் மாறாமல் சொல்லப் பழகிவிட்டோம்.

எனக்குக் கம்மல் பிடிக்காது. கொழும்பில் போடுவதில்லை. கஹவத்தை தாண்டியதும் பஸ்ஸில் பையைத் துழாவி எடுத்துப் போட்டுக்கொள்வேன். திரும்பி வரும்போது அதே இடத்தில் கழற்றுவேன்.

போன மாதம் போனபோது அப்பா வீட்டில் இல்லை. நானும் அம்மாவும் மட்டும். சோறு, கருவாட்டுக் குழம்பு, பலாக்கொட்டை. இரண்டு தட்டுகள். அம்மாவுடைய காதிலும் பழைய துவாரங்களின் தழும்பு இருக்கிறது. அப்பாவைக் கட்டிக்கொண்டு சபைக்கு வந்தபோது கழற்றியது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். திருத்தம் போடாமல் நான்கு வருடம் போய்விட்டது என்று தோன்றியது.

"அம்மா, அன்னைக்கு நான் சொன்னது..."

"சொல்லாத."

சோற்றைப் பிசைந்த அம்மாவின் கை நின்றது.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? நீ வாயத் தொறந்து சொன்னா, நான் இந்தத் தட்டத் தூக்கிக்கிட்டு எழும்பணும். பேசாமச் சாப்புடு."

ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். அவர் என் தட்டில் இன்னொரு துண்டு கருவாட்டை வைத்தார். என் காதை ஒரு தடவை பார்த்தார்.

"கொழும்புல கழட்டி வச்சிர்றதானே? ரொம்ப நாள் அப்புடி வைக்காத. ஓட்ட தூந்துரும். பொறகு அப்பாகிட்ட என்னத்தக் காட்டுவ?"

சரிம்மா என்றேன். இருவரும் சாப்பிட்டு முடித்தோம். திரும்பும்போது கஹவத்தையில் பஸ் கொஞ்ச நேரம் நின்றது. கம்மலைக் கழற்றவில்லை. பிறகு கொழும்புக்குப் பாதி வழிக்கு மேல், அவிசாவளை வந்ததும் கழற்றினேன்.