சம்பந்தி ஊற்றிய இரண்டு பாட்டில்

வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அந்தப் பெண்மணியை அவரிடம் படித்தவர்கள் பிரேக்கம்மா என்று அழைக்கிறார்கள். பயிற்சி வண்டியில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. அங்கே அவர் கால் எப்போதும் தயாராக இருக்கும்.

பெரிய ஆசிரியர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. விளக்கிச் சொல்ல வராது. ஏன், எதற்கு என்று கேட்டால் எரிச்சல் வரும். திட்ட வரும். ஆனால் தவறு எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் திட்டுவார்; போன வாரத் தவறை இழுத்து வந்து இந்த வாரம் சேர்க்க மாட்டார். அவரிடம் அழுதவர்கள் பலர். அவரிடம் படித்துவிட்டுப் போய் எங்கேயாவது மோதியவர்கள் குறைவு. அவருக்குச் சாதகமாக இதைத்தான் சொல்ல முடியும், இது சின்ன விஷயமும் இல்லை.

முதலில் அவர் ஒரு டிரைவிங் ஸ்கூலில் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தவர். முதலாளி ஊரைவிட்டுப் போனபோது அங்கிருந்த இரண்டு வண்டிகளில் பழையதைத் தவணையில் வாங்கிக்கொண்டார். கண்ணாடி அறுத்துக் கொடுக்கும் கடைக்கு மேலே இரண்டு அறை வீடு. பக்கவாட்டுச் சந்தில், சுவரை ஒட்டி வண்டி நிற்கும். கணவர் ஆயத்த ஆடைக் கம்பெனியில் துணி வெட்டுபவர். மனைவி ஓட்டும் வண்டியில் அவர் பின் இருக்கையில்தான் உட்காருவார். முன்னால் உட்கார்ந்தால் தனக்கும் பாடம் நடக்கும் என்று பயம்.

ஒரே மகள். கல்யாணமாகி இரண்டு வருடம். மருமகனுக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. வாரக் கடைசியில் வந்து போகிறான். அவன் வாங்கிய கார் வீட்டிலேயே நிற்க, மகள்தான் அதை ஓட்டுகிறாள். அலுவலகம் போகும் வழியில் மாமனாரை நூலகத்தில் இறக்கிவிடுவாள். மாமனார் அச்சகத்தில் காகிதக் கிடங்கைப் பார்த்துக்கொண்டு ஓய்வு பெற்றவர். எதையும் இரண்டு முறை சரிபார்க்கிற மனிதர். மருமகள் ஓட்ட, தான் பின்னால் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு போவது அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும். ஒரு நாள், வண்டி கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றார்.

யாரிடம் என்ற கேள்வியே எழவில்லை. "சம்பந்தியம்மா இருக்கும்போது வெளிய போய்க் கத்துக்கிட்டா அவங்களுக்கு மரியாதைக் குறைச்சல் இல்லையா?" என்று சொல்லிவிட்டு, காலை வகுப்பில் முதல் ஆளாக வந்து நின்றார்.

சம்பந்தியைத் திட்ட முடியாது. மகள் வாழ்கிற வீட்டின் பெரியவர் அவர். கிளட்ச்சைப் பாதி அழுத்தியபடியே ஓட்டுவார். கியர் மாற்றும்போது ரோட்டைப் பார்க்காமல் கியரைப் பார்ப்பார். மற்றவராக இருந்தால் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சத்தம் வந்திருக்கும். இவரிடம் பிரேக்கம்மா, "நல்லாத்தான் போகுதுங்க சம்பந்தி. காலை மட்டும் கொஞ்சம்... சரி, பரவால்லைங்க" என்பார். சொல்லாததையெல்லாம் அவருடைய கால்கள் செய்தன. வண்டி ஒழுங்காகத் திரும்பியது, ஒழுங்காக நின்றது. தான் நன்றாக ஓட்டுவதாகச் சம்பந்தி நம்பியதில் தவறே இல்லை.

இந்த நிலையில்தான் வண்டி ஒழுக ஆரம்பித்தது. காலையில் எஞ்சினுக்குக் கீழே ஒரு கையளவு ஈரம். குளிர்விக்கும் தண்ணீர்தான். ஒர்க்‌ஷாப்காரர் படுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"வாட்டர் பம்ப்புக்கா. உள்ள சீல் போயிருச்சு. பம்ப்புக்கு அடியில சின்னதா ஓட்டை ஒன்னு இருக்கும், கம்பெனிக்காரனே வச்சது. சீல் போனா தண்ணி அது வழியா சொட்டும். சொட்டுனா பம்ப்ப மாத்துன்னு அர்த்தம்."

"எத்தனை நாளாகும்?"

"வண்டிய விட்டுட்டுப் போங்க, ரெண்டு நாள்."

அடுத்த வாரம் ஐந்து பேருக்கு லைசென்ஸ் டெஸ்ட். பழகிய வண்டியிலேயே அவர்கள் ஓட்டியாக வேண்டும். டெஸ்ட் முடியட்டும் என்று பிரேக்கம்மா முடிவு செய்தார். அதுவரை தினமும் காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கிளம்பினார். தவறு என்று சொல்ல முடியாது. ஒழுகுவது தெரிந்தவரை, ஒழுகுவதால் ஆபத்தில்லை.

சம்பந்தி இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இந்த வயதில் இந்த அம்மா தினமும் சொம்பைத் தூக்குகிறாரே என்று அவருக்கு வருத்தம். உதிரிபாகக் கடைக்குப் போய் விசாரித்தார். ஊற்றினால் ஒழுகலை அடைக்கும் மருந்து பாட்டிலில் கிடைத்தது. மறுநாள் பிரேக்கம்மா சாவி எடுக்க மாடிக்குப் போன நேரத்தில், ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஊற்றிவிட்டார். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், பாட்டிலைக் குலுக்க வேண்டும், மெதுவாக ஊற்ற வேண்டும் என்று லேபிளில் போட்டிருந்ததையெல்லாம் கண்ணாடி போட்டுப் படித்து அப்படியே செய்தார். ஒன்றை மட்டும் மீறினார். ஒரு பாட்டில் போதும் என்று போட்டிருந்தது. அவர் இரண்டு ஊற்றினார்.

அந்த மருந்தே பொய் என்று சொல்வதற்கில்லை. ரேடியேட்டரில் ஊசிமுனை அளவு துளை விழுந்து, பழுது பார்க்கும் இடம் வெகு தொலைவில் இருந்தால், அது வீடு கொண்டுவந்து சேர்க்கும். ஆனால் ஒழுகல் எந்த இடத்தில், எதனால் என்று அதற்குத் தெரியாது. துளை என்று எதைக் கண்டாலும் அடைக்கும்.

ஒழுகல் நின்றது. சம்பந்தி ஒவ்வொரு காலையும் கைக்குட்டையை விரித்து, அதன்மேல் முழங்காலை ஊன்றி, வண்டிக்கு அடியில் பார்த்தார்.

"ஒரு சொட்டு இல்ல பாருங்க சம்பந்தியம்மா."

"ஆமாங்க. ரொம்ப உபகாரம்."

"சொல்லாம செஞ்சுட்டேன்னு கோவிச்சுக்காதீங்க."

"ஐயோ, இதுல என்னங்க கோபம்!"

வீட்டில் சொன்னார், நூலகத்தில் சொன்னார், தன் தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னார். "சம்பந்தியம்மா வண்டிய நான்தான் சரி பண்ணேன்." மகள் அம்மாவிடம் சிரித்துக்கொண்டே, "மாமா இப்ப மெக்கானிக்கும்மா. எங்க குக்கர்ல வாஷர் போனாலும் அவர்தான் பாக்கணும்னு உத்தரவு" என்றாள்.

பிரேக்கம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சூடு காட்டும் முள், வழக்கமாக நிற்கிற இடத்தைத் தாண்டி நிற்க ஆரம்பித்திருந்தது. ஒர்க்‌ஷாப்காரர் ரேடியேட்டருக்குள் விரல் விட்டு எடுத்துக் காட்டினார். பழுப்பு நிறத்தில் கூழ்.

"யாருக்கா இந்த வேலை பண்ணது?"

"சம்பந்தி."

"எந்தச் சம்பந்தி?"

"எனக்கு எத்தனை சம்பந்தி? இருக்கறது ஒருத்தர்தான்."

ஒர்க்‌ஷாப்காரர் விரலைத் துணியில் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "ரேடியேட்டர்ல பாதிக் குழாய் அடைச்சிருக்கும். அதைவிட அந்தப் பம்ப் ஓட்டைய அடைச்சிருச்சு பாருங்க, அதான் வம்பு. வெளிய வர வழி இல்லைன்னா தண்ணி பேரிங்குக்குள்ள போகும். எல்லாத்தையும் கழட்டிக் கழுவணும். இன்னைக்கே விட்டுட்டுப் போங்க."

விட்டிருக்கலாம். ஆனால் காலையில் சம்பந்தி வந்து வண்டி எங்கே என்று கேட்பார். பதில் சொன்னால், ஊரெல்லாம் சொல்லி வைத்த ஒரு நல்ல காரியத்தை அவர் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அந்த வீட்டில் மகள் இதுவரை ஒரு முகச்சுளிப்பைக் கண்டதில்லை. ஒரு பம்ப்புக்காக அதைக் கெடுப்பதா? இன்னொரு பக்கம், அந்த வண்டியைத் தவிர பிரேக்கம்மாவுக்கு வேறு பிழைப்பு இல்லை. எஞ்சின் போனால் எல்லாம் போச்சு. டெஸ்ட் வரைக்கும் தாக்குப்பிடிக்க வழி உண்டா என்று கேட்டார்.

"ஹீட்டரை முழுசா வச்சு ஓட்டுங்க. எஞ்சின் சூட்டைக் கொஞ்சம் உள்ள இழுத்துக்கும். அப்புறம் உங்க பாடு."

அந்த வாரம் நல்ல வெயில். கண்ணாடிகளை இறக்கிவிட்டு, ஹீட்டரை முழுதாகத் திருப்பி வைத்துப் பாடம் நடந்தது. மாலை வகுப்புக்கு வரும் நர்ஸ், "அக்கா, டிரைவிங் கத்துக்க வந்தேனா, வேகறதுக்கு வந்தேனா?" என்றாள். "ஸ்டியரிங்கப் பாரு. வாய் வேகாது" என்றார் பிரேக்கம்மா.

சம்பந்தி கழுத்தைத் துடைத்தபடி தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஹீட்டர் எதுக்குங்க?"

"கண்ணாடியில ஆவி படியாம இருக்கத்தாங்க."

"மழையே இல்லையே?"

"வந்தாலும் வருங்க."

அவர் வானத்தைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டார்.

டெஸ்டுக்கு முந்தின நாள், பாலத்தின் ஏற்றத்தில் நெரிசல். சம்பந்திதான் ஓட்டினார். முன்னால் பேருந்து ஓரடி நகரும், நிற்கும். அவர் பிரேக்கை மறந்து, பாதிக் கிளட்ச்சிலும் ஆக்ஸிலரேட்டரிலும் வண்டியை ஏற்றத்திலேயே நிறுத்திப் பிடித்திருந்தார். எஞ்சின் உறுமியது. "நல்லாப் பிடிக்கிறீங்க" என்று சொல்லிக்கொண்டே பிரேக்கம்மா முள்ளைப் பார்த்தார். அது சிவப்பில் இருந்தது. முன்பக்கம் கீச்சென்று ஒரு சத்தம். பானெட் இடுக்கிலிருந்து ஆவி எழுந்தது.

ஓரமாக நிறுத்தச் சொல்லி எஞ்சினை அணைத்தார். ஆபத்து விளக்கைப் போட்டுவிட்டு, இழுவை வண்டிக்குப் போன் செய்யக் கைப்பையைத் துழாவினார். தலை நிமிர்ந்தபோது பானெட் திறந்திருந்தது. சம்பந்தி ஒரு கையில் குடிதண்ணீர் பாட்டிலும் மறு கையில் மடித்த கைக்குட்டையுமாக ரேடியேட்டர் மூடிமேல் குனிந்திருந்தார். மூடி கால் திருகு திரும்பியிருந்தது.

பிரேக்கம்மா எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார் என்பது அவருக்கே நினைவில்லை. சம்பந்தியின் மணிக்கட்டில் ஓங்கி ஓர் அடி. தண்ணீர் பாட்டில் உருண்டோடியது.

"எடுய்யா கைய! அறிவு இருக்கா உனக்கு? கொதிக்கிற எஞ்சினைத் திறந்தா மூஞ்சி வெந்து போகும்! வீட்ல ஆளுங்க காத்துக்கிட்டிருக்காங்க, இங்க வந்து ஹீரோ வேலை பண்றியா?"

பேருந்து ஜன்னல்களில் தலைகள் எட்டிப் பார்த்தன. சம்பந்தி இரண்டடி பின்னால் போய் நின்றார். மணிக்கட்டு சிவந்திருந்தது. மூடியின் ஓரத்தில் கொதிநீர் சீறிக் கொப்பளித்து அடங்கியது. அதை அவரும் பார்த்தார்.

இழுவை வண்டி வரும்வரை இருவரும் பாலத்தின் நடைபாதைக் கட்டையில் உட்கார்ந்திருந்தார்கள். பிரேக்கம்மாவுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும், எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. முதலில் பேசியது சம்பந்திதான்.

"ஒழுகல் நின்னுச்சே. அப்புறம் ஏன் இப்படி?"

சொன்னார். பம்ப்பையும், அதன் அடியிலிருந்த ஓட்டையையும், கூழையும், ஹீட்டரையும்.

சம்பந்தி சிவந்த மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். "ஒரு பாட்டில்னுதான் போட்டிருந்துச்சு."

"ரெண்டு எதுக்குங்க ஊத்துனீங்க?"

"உங்க வண்டியாச்சே. என் வண்டியா இருந்தா ஒன்னுதான் ஊத்தியிருப்பேன்."

சம்பந்தியே தொடர்ந்து கேட்டார்:

"நீங்க எல்லாரையும் இப்படித்தான் திட்டுவீங்களா?"

"இதைவிட மோசமா."

"திட்டு வாங்குனவங்க ஓட்டுறாங்க."

"ஓட்டுறாங்க."

"நான் எப்படி ஓட்டுறேன்?"

"நல்லாத்தான்..." என்று தொடங்கியவர், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிறகு சொன்னார். கிளட்ச்சை, கியரை, ஒருநாளும் பார்க்காத பக்கக் கண்ணாடியை. இத்தனை நாளும் பாதி வண்டியைத் தன் கால்தான் ஓட்டியது என்பதைக் கடைசியாகச் சொன்னார். சம்பந்தி கிடங்கில் சரக்கு சரிபார்ப்பவரைப் போலக் கேட்டுக்கொண்டார். இடையில் ஒன்றை மட்டும் திரும்பச் சொல்லச் சொன்னார்.

இந்தத் தாமதத்துக்கு விலை இருந்தது. பேரிங் போய், ரேடியேட்டரும் போயிருந்தது. இரண்டு நாள் வேலை இரண்டு வாரமாகியது. டெஸ்டுக்கு ஐந்து பேரும் வேறு ஸ்கூல் வண்டியில் போனார்கள். பழகாத கிளட்ச்சில் இருவர் தோற்றார்கள். அதில் நர்ஸும் ஒருத்தி. அவர்களுக்குத் திரும்பவும் சொல்லித்தர வேண்டியது தன் பொறுப்பு என்று பிரேக்கம்மா ஒத்துக்கொண்டார்.

பாலத்துச் சம்பவத்தன்று மாலை மகள் போன் செய்தாள். "அம்மா, மாமாவ என்ன பண்ணீங்க? வந்ததுலேர்ந்து கையத் தூக்கி எல்லாருக்கும் காட்டிட்டிருக்கார்."

பிரேக்கம்மா கேட்டார்: "கோவமா இருக்காரா?"

"தெரியலம்மா. அவர் தம்பிகிட்ட, 'ரெண்டு பாட்டில் ஊத்தி அவங்க வண்டிய நான்தான் கெடுத்தேன்'னு போன்ல சொன்னார். என்கிட்ட, 'நல்லா ஓட்டறேன்னு நம்பி நான் உன்னைய ஆஸ்பத்திரிக்கோ எங்கேயோ கூட்டிட்டுப் போயிருந்தா என்னாகியிருக்கும்'னு கேட்டார். அப்புறம் அத்தைகிட்ட ஒரு டம்ளர் மோர் கேட்டுக் குடிச்சிட்டுப் படுத்துட்டார்."

வண்டி ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்த மறுநாள் காலை சந்தில் காலடிச் சத்தம் கேட்டது. சம்பந்தி. வண்டிக்கு அடியில் பார்க்கவில்லை. நேராக ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினார்.

அன்று அவர் முன்னெப்போதையும்விட மோசமாக ஓட்டினார். வண்டி அடிக்கடி நின்றது. பிரேக்கம்மா தன் பக்கத்துப் பெடல்களிலிருந்து காலை எடுத்துத் தள்ளி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் என்ன தவறு என்று சொன்னார். ஒருமையில் இல்லை. ஆனால் குறைக்கவும் இல்லை. திரும்பி வந்து நிறுத்தியபோது சம்பந்தியின் சட்டை முதுகு நனைந்திருந்தது, ஹீட்டர் இல்லாமலே.

"எப்படி?" என்றார்.

"மோசம்ங்க சம்பந்தி."

"நாளைக்கு?"

"நாளைக்கும் மோசமாத்தான் இருக்கும். வாங்க."