சமாஜம் எந்த வீட்டில் இருக்கிறது?

இருதயராஜ் வடக்கே, கோர்படி ரயில்வே காலனியில் எலக்ட்ரீஷியன். எங்கள் தமிழ்ச் சமாஜத்துக்குச் சொந்த ஹால் எழும்பியபோது டியூட்டி முடிந்து வந்து வயர் இழுத்தவர், ஃபேன் மாட்டியவர் அவர்தான். அதன்பிறகு பொங்கல், நவராத்திரி எல்லாவற்றுக்கும் மைக், சீரியல் விளக்கு அவர் பொறுப்பு. மேடையில் நன்றி சொல்லும்போது மட்டும் அவர் பெயர் விட்டுப்போகும்.

நான் ஊர் ஊராகத் திரிந்துவிட்டு வீடு திரும்பிய 2003இல் அவர் மகள் செல்வமேரிக்குக் கல்யாணம் நிச்சயமானது. "சர்ச்சுல தாலி, நம்ம சமாஜம் ஹால்ல சாப்பாடு" என்று திருச்சி சம்பந்தியிடம் பெருமையாகச் சொல்லிவிட்டார். சாப்பாடு என்றால் மட்டன் பிரியாணி.

ஹாலைக் கேட்டதும் செயலாளர் பத்ரி சிரித்தார். "எனக்கென்ன ஆட்சேபணை? சமாஜம் ஒத்துக்காதே."

"ரூல் இருக்கா சார்?"

"ரூல்லாம் இல்ல. ஒரு மரியாதைதான்."

தலைவர் ரவிச்சந்திரன் வீட்டு வாசலிலேயே மீன் வறுவல் மணந்தது. "நானே சாப்பிடற ஆள்தான்யா. ஆனா சமாஜம்னு ஒண்ணு இருக்கில்ல?"

கடைசியாக எங்கள் வீடு. அப்பா பொருளாளர். ஞாயிற்றுக்கிழமை, குக்கரில் கறி வெந்துகொண்டிருந்தது. "நான் மட்டும் சொல்லி என்ன ஆகப்போவுது, இருதயராஜ்? சமாஜம்..."

"மூணு பேருதான சார் கமிட்டி. மூணு பேரையும் பாத்துட்டேன். அந்தச் சமாஜம் எந்த வீட்ல இருக்கு? சொல்லுங்க, அங்கயும் போய்க் கேட்டுடறேன்."

அப்பா என்னிடம் காபி போடச் சொன்னார். காபி வருவதற்குள் இருதயராஜ் போய்விட்டார்.

மாடிப்படியில் பக்கத்து வீட்டு பஞ்சாபி ஆன்ட்டியிடம் நடந்ததைச் சொன்னேன். "எங்களுக்கும் சமாஜ்தான் மகளே" என்றார் இந்தியில். "என் தங்கையை வீட்டுக்குள்ள விடாதேன்னு சொன்னதும் அதுதான். அந்தச் சமாஜோட முகத்தை இன்னிக்கு வரைக்கும் பாத்ததில்ல."

ரயில்வே காலனி மைதானத்தில் பந்தல் போட்டு விருந்து நடந்தது. கமிட்டி குடும்பத்தோடு வந்தது. பத்ரி ஐஸ்கிரீமோடு நிறுத்திக்கொண்டார். அப்பா இரண்டாம் முறை பிரியாணி கேட்டார். பரிமாறியது இருதயராஜ்.

"கூச்சப்படாம சாப்பிடுங்க சார். சமாஜத்தைக் கூப்பிடல."

அப்பாதான் முதலில் சிரித்தார். "பலே ஆளுய்யா நீ! பொங்கலுக்கு மைக்கை மறந்துடாத."

இருதயராஜ் இன்னொரு துண்டு வைத்துவிட்டு நகர்ந்தார்.

பொங்கலுக்கு அவர் வரவில்லை. வாடகைக்கு எடுத்த மைக், அப்பா பேசும்போது பாதியில் நின்றுபோனது.

"அந்த ஆளுக்குக் கொஞ்சமாவது நன்றி இருக்கா பாரு" என்றார் அப்பா, மேடையிலிருந்து இறங்கியதும்.